புதுப்பிப்பு: தார்ஃபூரில் சூரிய அடுப்பே போதாதா?

சூடானின் தார்ஃபூரில் போரால் வீடிழந்தவர்கள் தங்கிய முகாம்களுக்காக, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் அசோக் காட்கில் குழு வடிவமைத்த விறகடுப்பைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "அந்த வெயிலில் விறகு எதற்கு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

பக்கத்து சாட் நாட்டில், தார்ஃபூரிலிருந்து தப்பி வந்தவர்கள் தங்கிய இரிடிமி முகாமில் சூரிய அடுப்பையும் பயன்படுத்தினார்கள். அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டிய 'குக்கிட்'. கறுப்புப் பாத்திரத்தை வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வெயிலில் விட்டால் சில மணி நேரத்தில் வெந்துவிடும். விறகு தேடிப் போகும் பெண்கள் தாக்கப்படும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் 'அசிதா' என்ற களியைச் செய்வதில்தான் வருகிறது. அங்கே அன்றாடச் சாப்பாடே அந்தக் களிதான். நம்மூர்க் கேழ்வரகுக் களி மாதிரி ஓங்கிக் கிண்ட வேண்டும். பைக்குள் மூடிய பாத்திரத்தில் எங்கே கிண்டுவது? குழம்புக்கு வெங்காயம் வதக்கவும் அந்தச் சூடு பத்தாது. காட்கில் அடுப்போ கிண்டும்போது சாயாது, காற்றுக்கும் தடுப்பு உண்டு. மூன்று கல் அடுப்புக்கு ஆகும் விறகில் ஏறக்குறைய பாதி போதும்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும்: பருப்பும் குடிநீரும் வெயிலில், களி விறகில். மழைநாளுக்கு என்ன வழி என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்.