வெள்ளத்துக்குப் பின் கர்த்தர் எங்களைப் போஷித்த விதம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தாமிரபரணிப் பாசனத்தில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் என் கணவர் போட்டிருந்த ஏத்தன் வாழை, தை மாதம் வெட்ட வேண்டிய தார்களோடு சாய்ந்து, தண்ணீர் வடிவதற்குள் அழுகிப்போயிற்று. குத்தகைப் பணமும், உரக்கடைப் பாக்கியும், அடகில் இருந்த நகையும் அப்படியே நிற்க, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஒரு வாரமே இருந்தது.

அந்நாட்களில் குடும்ப ஜெபத்தில் எலியா தீர்க்கதரிசியின் சரித்திரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். பஞ்சகாலத்தில் அவரைப் போஷித்த சாறிபாத் ஊர் விதவையின் மாவுப் பானை ஒருநாளும் நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை. மாவு தீர்ந்துபோகவில்லை என்று மட்டுமே சொல்லுகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த மன்னா என்னும் உணவும் அப்படித்தான், அன்றன்றைக்குரிய அளவே. மொத்தக் கடனும் ஒரே நாளில் தீர வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்த எனக்கு, இன்றைய உலைக்கு அரிசி தாரும் என்று கேட்கும் துணிவை அந்த அதிகாரம் கொடுத்தது.

எங்கள் சபையில் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிறு ஆராதனையில் காணிக்கையாகப் படைப்பது தலைமுறை வழக்கம். என் மாமியாரும் இந்தப் பிடி அரிசியைத் தவறவிட்டதில்லை. தண்ணீர் வடிந்த பின் எங்கள் சபை ஊழியரான உபதேசியார் அந்த அரிசியில் ஒரு பங்கை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, கொடுத்தே பழகிய மாமியார் வாங்கத் தயங்கினார்கள். உபதேசியார் மாமியாரிடம், "அம்மா, இது கர்த்தருடைய வீட்டு அரிசி, நீங்களும் அவருடைய வீட்டார்தானே," என்றார். அன்று அவர்கள் அழுதுகொண்டே உலை வைத்தார்கள்.

குறைவையெல்லாம் தேவன் நிறைவாக்குவார் என்று அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதிய வாக்குத்தத்தத்தை நாம் சுவரில் எழுதி மாட்டுகிறோம். எப்பாப்பிரோதீத்துவின் கையில் அந்தச் சபையார் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டதாக அவர் அதற்கு முந்தின வசனத்தில் சொல்லுகிறார் என்பதை நான் அப்போதுதான் கவனித்து வாசித்தேன். நம்முடைய டோனாவூரில் 1951 வரை ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் தாம் அங்கே வளர்த்த பிள்ளைகளின் தேவைக்காக மனிதரிடம் பணம் கேட்காமல் ஜெபத்தில் காத்திருந்தார்கள். ஆனாலும் அவர்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் மனிதர் கைகளின் வழியாகவே வந்தது. ஆகவே, உதவியை வாங்கிக்கொள்வது விசுவாசக் குறைவு என்று எண்ணி வீட்டுக்குள் பட்டினி கிடக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மிகுந்த வேதனையாயிருக்கிறது.

பிறகு நிலத்துக்காரர் குத்தகையில் பாதியை அடுத்த வெட்டுக்குத் தள்ளிவைத்தார். மேட்டுநிலத்து விவசாயி ஒருவர் விலை வாங்காமல் கன்றுகள் கொடுத்தார். நகை இன்னும் மீளவில்லை. மறுபடியும் நட்ட வாழை இப்போது குலை தள்ளியிருக்கிறது. காற்றுக்குச் சாயாதபடி கம்பு ஊன்றிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்காகவும், அந்த வெள்ளத்தில் வீட்டையே இழந்த குடும்பங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.