தலையீற்றுப் பூனை: முதல் குட்டியோடு நிற்கிறது, என்ன செய்ய?

உப்புவெளித் தம்பி:
வணக்கம். எங்கள் பூனைக்கு இது தலையீற்று. காலையிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. உயிரையே விடும் சூடை மீனைக்கூட மணந்துவிட்டுப் போய்விட்டது. அலுமாரிக்குள் ஏறி, அம்மாவின் பழைய சேலையைப் பிறாண்டி இடம் பண்ணியது. ஆறு மணி போல ஒரு குட்டி வந்தது. இப்போது ஏழரை, அடுத்ததைக் காணோம். வயிறு இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மம்மா வயிற்றை அமுக்கிவிடச் சொல்கிறார். அமுக்கலாமா?

பாலையூற்று அக்கா:
வேண்டாம் தம்பி, வயிற்றில் யாரையும் கை வைக்க விடாதேங்கோ. பூனை முக்குகிறதா, சும்மா கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கோ. குட்டியை நக்கிக்கொண்டு, பால் கொடுத்துக்கொண்டு சாந்தமாகக் கிடந்தால் பொறுக்கலாம். வழக்கமாகப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேர இடைவெளியில் வரும். ஆனால் சில பூனைகள் பாதியில் நிறுத்தி, பல மணி நேரம் கழித்து மிச்சத்தைப் போடுவதும் உண்டு.

பலமாக முக்கி 20 நிமிடமாகியும் குட்டி வரவில்லை, அல்லது குட்டி பாதியில் சிக்கிவிட்டது என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மிருக வைத்தியரின் நம்பரை இப்போதே எடுத்து வையுங்கோ.

குட்டி மெல்லிய தோல் பைக்குள் வரும். தாய் பல்லால் கிழித்து, மூக்கையும் வாயையும் நக்கி, தொப்புள்கொடியைக் கடித்து, இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியை, தின்றுவிடும். அதைத் தடுக்க வேண்டாம். ஒரு குட்டிக்கு ஓர் இளங்கொடி, எண்ணிக்கொள்ளுங்கோ. தலையீற்றுப் பூனை சிலநேரம் பையைக் கிழிக்காமல் விழிக்கும். அப்போது நீங்கள் உடனே மூக்குப் பக்கம் நகத்தால் கிழித்து, காய்ந்த துணியால் குட்டி கத்தும்வரை துடைத்துவிட வேண்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கோ. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காக்கத் தெரியாது. அதுவும் இந்த மாரி மழைக்குள்ளே!

உப்புவெளித் தம்பி:
அக்கா, இப்போது ஒன்று வருகிறது, ஆனால் பின்னங்கால் முதலில் தெரிகிறது!

பாலையூற்று அக்கா:
பயப்படாதேங்கோ, பூனைக்கு அது வழமைதான். இழுக்க வேண்டாம்.

நிலாவெளி:
தம்பிக்கு நல்லபடியாக முடியட்டும். இடையில் ஒரு கேள்வி. எங்கள் பூனை ஒரே ஈற்றில் நாலு நிறத்தில் போட்டது. தகப்பன் ஒன்றுதானா?

பாலையூற்று அக்கா:
ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டு மூன்றாகவும் இருக்கலாம். பூனைக்குக் கடுவனோடு சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளியாகும். அந்த நாட்களில் பல கடுவன்களோடு சேர்ந்தால் ஒரே வயிற்றில் வேறுவேறு தகப்பனின் குட்டிகள் தங்கும்.

உப்புவெளித் தம்பி:
வந்துவிட்டது அக்கா! வெள்ளையில் கறுப்புப் புள்ளி. அதுவே கிழித்து நக்குகிறது. குட்டி கத்துகிறது.

பாலையூற்று அக்கா:
அப்பாடா! அறை விளக்கை அணைத்து, தண்ணீர் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கோ. அப்புறம் ஒன்று: பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி கடுவன் தேடும், சினை வெறும் ஒன்பது கிழமைதான். குட்டிகள் பால் மறக்கும்வரை வெளியே விடாமல் வைத்திருந்து, பிறகு கருத்தடை செய்துவிடுங்கோ. ஈற்றுக்கு மேல் ஈற்று என்றால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது.