கேத்தியில் பெல்லட் சிதறுகிறது, கோவையில் சரியாக இருந்தது. உதவி வேண்டும் (அவசரம்)

கேத்தி_27 | செவ்வாய் இரவு 9:40
சனிக்கிழமை கோவையில் பிஸ்டல் சுடும் மேட்ச். அங்கே பயிற்சி எடுத்தவரை பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) எல்லாம் 9, 10 புள்ளி வளையத்தில் விழுந்தது. ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே அடித்தால் 7, 6 கூட வருகிறது, நாலா பக்கமும் சிதறுகிறது. பிஸ்டலில் எதையும் தொடவில்லை. காற்று சிலிண்டர் மீட்டரும் இறங்கிவிட்டது. குளிர்தான் காரணமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோத்தகிரி டீச்சர் | செவ்வாய் இரவு 9:58
தம்பி, என்ன பிஸ்டல் என்றே சொல்லவில்லையே. 10 மீட்டர் ஏர் பிஸ்டலா, 0.22 தோட்டாப் பிஸ்டலா? அழுத்தக் காற்றா, பழைய கார்பன் டை ஆக்சைடு வகையா? என்ன பெல்லட், அதன் தலை அளவு (விட்டம்) எவ்வளவு? நின்று ஒரு கையில் அடித்ததா, மணல் மூட்டையில் தாங்கி அடித்ததா? தாளில் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருக்கிறதா? அப்புறம், எங்கே வைத்து அடிக்கிறீர்கள், டார்கெட்டுக்குப் பின்னால் என்ன தடுப்பு இருக்கிறது? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மஞ்சூர் மேகம் | செவ்வாய் இரவு 10:15
உயரம்தான். ஊட்டி 2,240 மீட்டர், கோவை 411 மீட்டர். கேத்தியும் ஊட்டியை ஒட்டித்தான். காற்று மெலிந்தால் பெல்லட் வேகமாகப் போகும், மேலே ஏறி விழும். குறி பார்க்கும் சைட்டைத் திருகி நாலு கிளிக் இறக்குங்கள், சரியாகிவிடும்.

பழைய ரேஞ்ச் | செவ்வாய் இரவு 10:41
இதே கேள்வி வருடத்துக்கு நாலு தடவை வருகிறது. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. மேகம், கணக்குப் போடத் தெரியாமல் கிளிக் சொல்லக் கூடாது. பெல்லட் ஏறக்குறைய நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டரைக் கடக்க 0.07 நொடி. அதற்குள் புவியீர்ப்பில் இறங்குவது இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காற்று மெலிந்ததால் அதில் வரும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பத்தாம் வளையமே 11.5 மில்லிமீட்டர் அகலம். இவர் சொல்வது மேலே ஏறுவது அல்ல, சிதறுவது. சிதறினால் கைதான் காரணம். மூன்று வாரம் பயிற்சி விட்டுப்போயிருக்கும், ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறார். சுவரைப் பார்த்து பெல்லட் இல்லாமல் தினமும் நூறு தடவை ட்ரிக்கர் பழகட்டும்.

கேத்தி_27 | புதன் காலை 6:50
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அழுத்தக் காற்று. மொட்டை மாடி ஷெட்டில் அடிக்கிறேன், பின்னால் கருங்கல் சுவர், அதற்கு முன்னால் இரும்புப் பெட்டி. நின்றுதான் அடித்தேன். மீட்டர் இறங்கியது உபரி சிலிண்டரில், அதை இன்னும் பிஸ்டலில் மாட்டவே இல்லை. கோவையில் 200 பார் (அழுத்த அளவு) நிரப்பியது, இப்போது காலையில் 185 காட்டுகிறது. கசிகிறதா?

பழனிமலைச் சாரல் | புதன் காலை 7:20
கொடைக்கானலில் எனக்கும் இதே மாதிரி ஆனது, ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. குளிரில் ரப்பர் இறுகிவிடும். உடனே மாற்றுங்கள். அதுவரை சிலிண்டரை ராத்திரி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் மீட்டர் ஏறும்.

கோத்தகிரி டீச்சர் | புதன் காலை 7:31
சாரல், அதைச் செய்யவே கூடாது. தம்பி, சிலிண்டரை எந்தச் சூட்டுக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். கசிவும் இல்லை என்றே நினைக்கிறேன். கோவையில் 30 டிகிரியில் 200 பார் இருந்தால், 10 டிகிரியில் அதே காற்று 187 பார்தான் காட்டும். வெயில் ஏறியதும் 20 டிகிரியில் பாருங்கள், 193க்கு வந்தால் கசிவில்லை. இதையே திருப்பி யோசியுங்கள். இங்கே குளிரில் முழு 200 நிரப்பிக்கொண்டு கோவைக்கு இறங்கினால் 214 ஆகும், வெயிலில் நிற்கும் காருக்குள் இன்னும் ஏறும். அதனால் மலையில் நிரப்பும்போது குறைத்து நிரப்புங்கள். சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியையும் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் மேட்ச்சிலும் விட மாட்டார்கள், நீங்களும் தொடாதீர்கள்.
பெல்லட் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வெலிங்டன்_32 | புதன் காலை 11:05
கடையில் வாங்குவதை நம்பினால் இப்படித்தான். என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் 0.32 வாட்கட்டர் (தட்டைத் தலை ஈயம் வைத்த) தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறான். அடித்த தோட்டாவின் காலிக் கூட்டைக் கழுவி, அளவுக்குச் சுருக்கி, தீ மூட்டும் புது ப்ரைமர் வைத்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, ஈயத்தை உட்கார வைக்கிறான். ஒவ்வொன்றும் ஒரே எடை, ஒரே நீளம். கடைத் தோட்டாவைவிடக் குரூப் (ஓட்டைகள் பரவும் அகலம்) பாதியாகச் சுருங்கிவிட்டதாம். நம் ஊரில் சென்டர் ஃபயர் (ப்ரைமர் நடுவில் உள்ள இந்த வகைத் தோட்டா) அடிப்பவர்கள் ஏன் இதைச் செய்யக் கூடாது? அருவங்காட்டு வெடிமருந்து ஆலையே நம் மலையில்தானே இருக்கிறது.

அருவங்காடு_ஓய்வு | புதன் மதியம் 1:12
தம்பி வெலிங்டன், அந்த ஆலையில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. தீப்பெட்டியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் தம்பி செய்வது அந்த நாட்டில் முறையான பொழுதுபோக்கு. இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், வேலையைப் பாருங்கள். 0.32, 0.38 வாட்கட்டருக்கு மருந்து சிட்டிகை அளவுதான். போட்ட பிறகும் கூட்டில் பெரும்பகுதி காலி. அதனால் கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது. மேலிருந்து பார்த்தால் இதுவும் சரியாக நிரம்பிய மாதிரிதான் தெரியும். அதை அடிக்கும் அன்றைக்குத் துப்பாக்கி கையிலேயே பிளக்கலாம். அந்த வேலை தெரிந்தவர்கள் ஐம்பது கூட்டையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, ஒவ்வொன்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஈயத்தை வைப்பார்கள். பேசிக்கொண்டே செய்கிற வேலை இல்லை அது.

மருந்துக்குக் குளிரும் தெரியும். குளிர்ந்த மருந்து மெதுவாக எரியும், வேகம் குறையும். 0.22 தோட்டாவை மறுபடி நிரப்புவது என்ற பேச்சே இல்லை, அதன் வெடிப்பொருள் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஒரு தடவை அடி வாங்கினால் கூடு தீர்ந்தது.

வெலிங்டன்_32 | புதன் மதியம் 2:03
ஐயா, நான் யாரையும் வீட்டில் செய்யச் சொல்லவில்லை. கிளப்புக்கு உரிமம் வாங்கிக் கொடுத்தால் என்ன என்றுதான் கேட்டேன். தோட்டா விலையைப் பார்த்தே நல்ல பிள்ளைகள் ஏர் பிஸ்டலோடு நின்றுவிடுகிறார்கள்.

பழைய ரேஞ்ச் | புதன் மதியம் 2:20
ஏர் பிஸ்டலோடு நிற்பது ஒன்றும் கீழான விஷயம் இல்லை. 60 ஷாட், 75 நிமிடம், ட்ரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அதில் நின்று காட்டிவிட்டு அடுத்ததைப் பேசுங்கள்.

வெலிங்டன்_32 | புதன் மதியம் 2:34
கீழானது என்று நான் எங்கே சொன்னேன்? விலையைப் பற்றிக் கேட்டதற்கு இது பதில் இல்லை.

அருவங்காடு_ஓய்வு | புதன் மாலை 4:45
விலை பற்றி வெலிங்டன் சொன்னது நியாயமான வருத்தம். அதைத் தனி இழையில் பேசுவோம், நானும் வருகிறேன். இங்கே ஒரு பையன் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறான்.

கேத்தி தம்பி, ஏர் பிஸ்டலில் மருந்தும் இல்லை, கூடும் இல்லை. தோட்டா என்று உங்கள் கையில் இருப்பது அந்த அரை கிராம் ஈயம் மட்டும்தான். அதைப் பற்றித்தான் நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஒரு பெல்லட்டை எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்துப் பாருங்கள்.

கேத்தி_27 | புதன் இரவு 8:10
ஐயா, வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டுகிறது! டப்பா ஜன்னல் பக்கத்து அலமாரியில்தான் இருந்தது, மூடி சரியாக இறுகாது. கோவையில் இருந்து பையில் போட்டுப் பஸ்ஸில்தான் கொண்டுவந்தேன். 500 எண்ணிக்கை டப்பா, பாதி மீதி. தாளில் சில ஓட்டைகள் வட்டமாக இல்லை, டீச்சர் கேட்டது இப்போதுதான் புரிகிறது.

கோத்தகிரி டீச்சர் | புதன் இரவு 8:16
உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்த வெள்ளை ஈயத்தின் துரு, உள்ளே போனால் விஷம். ஊதவும் வேண்டாம், அந்தக் கையோடு எதையும் சாப்பிடவும் வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் அலமாரியை ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போடுங்கள்.

அருவங்காடு_ஓய்வு | புதன் இரவு 8:40
அப்படித்தான் நினைத்தேன். நம் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்து டப்பாவுக்குள் உட்கார்ந்துவிடும். மூன்று வாரம் தாராளமாகப் போதும். பஸ் வேறு. மேட்டுப்பாளையத்தில் இருந்து 14 கொண்டை ஊசி வளைவும் அந்த ஈயம் ஒன்றோடொன்று உருண்டு இடித்துக்கொண்டு வந்திருக்கிறது. பெல்லட்டின் பாவாடை, அதாவது விரிந்த பின்பக்கம், காகிதம் போல மெல்லியது. அது ஒரு பக்கம் நசுங்கினால் காற்று அந்தப் பக்கமாக முந்திக்கொள்ளும், பெல்லட் தள்ளாடிக்கொண்டே போகும்.

நாளைக் காலை ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்குங்கள். பழைய டப்பாவையும், சீல் உடைக்காத புது டப்பா ஒன்று கிடைத்தால் அதையும் எடுத்து வாருங்கள். என்னிடம் 0.01 கிராம் காட்டும் தராசும், ஒரு கண்ணாடித் தட்டும் இருக்கின்றன. தட்டைக் கொஞ்சம் சாய்த்து பெல்லட்டை உருட்டினால் நல்லவை எல்லாம் ஒரே வளைவில் ஓடும். நசுங்கியது தத்தித் தத்தி விலகும்.

பழைய ரேஞ்ச் | புதன் இரவு 9:02
எல்லாம் சரி. புது பெல்லட் போட்டும் மணல் மூட்டையில் தாங்கிப் பத்து ஷாட் அடிக்காமல் முடிவு சொல்லாதீர்கள். தாங்கி அடித்துக் குரூப் சுருங்கினால் பெல்லட், கையில் அடிக்கும்போது மறுபடி விரிந்தால் நான் சொன்னது.

மஞ்சூர் மேகம் | வியாழன் காலை 7:15
நாலு கிளிக் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். யாராவது இறக்கியிருந்தால் திருப்பி ஏற்றிவிடுங்கள்.

கேத்தி_27 | வெள்ளி மாலை 5:30
டப்பாதான். 240இல் தட்டில் நேராக ஓடியது 90கூட இல்லை. புது டப்பா, மணல் மூட்டையில் பத்து ஷாட், ஒரு ரூபாய்க் காசுக்குள் எல்லாம் அடங்கியது. நின்று அடித்ததில் ஒன்று மட்டும் 8. சிலிண்டர் மதியம் 193, கசிவில்லை. பஸ் கிளம்பப் போகிறது. எல்லாருக்கும் நன்றி, ஐயாவுக்கு ரொம்ப.

பழனிமலைச் சாரல் | வெள்ளி மாலை 6:12
புது டப்பா தலை அளவு 4.49 மில்லிமீட்டரா, 4.50ஆ? என் டப்பாவிலும் வெள்ளை இருக்கிறது, அதே அளவில் வாங்கலாமா என்று கேட்கிறேன்.

கோத்தகிரி டீச்சர் | ஞாயிறு காலை 10:25
தம்பி, ஸ்கோர் எவ்வளவு?

அருவங்காடு_ஓய்வு | செவ்வாய் காலை 9:05
நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சாரல், என் வீட்டில் விட்டுப்போன மூடியில் 4.50 என்று இருக்கிறது. உங்கள் குழலுக்கு எது சேரும் என்று இரண்டையும் தாங்கி அடித்துப் பார்த்து வாங்குங்கள்.