முழங்கால் மாற்றிய பிறகு தையலில் கசிவு: மாத்திரை போதுமா?

கேள்வி:
அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி மூன்றாவது வாரம். தையலின் கீழ் முனையில் ஈரம் கசிகிறது. காலையில் கட்டைப் பிரித்தால் துணியில் மஞ்சளாக ஒரு கறை. காய்ச்சல் இல்லை. ஆனால் முட்டி சூடாக இருக்கிறது, போன வாரம் நடந்த அளவுக்குக்கூட இப்போது நடக்க முடியவில்லை. பக்கத்து டாக்டர் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லை. கொடுத்துப் பார்க்கலாமா?

பதில் 1:
வேண்டாம் தோழி. முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இன்றே காட்டுங்கள். என் அப்பாவுக்கு இடுப்பு மூட்டில் இதே தொல்லை வந்ததால் சொல்கிறேன்.

மாத்திரை உள்ளே போய்விட்டால், மூட்டிலிருந்து நீர் எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை) பார்க்கும்போது கிருமி வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது கஷ்டம். பெரும்பாலும் நம் தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைதான். உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பான படலம் கட்டிவிடும். அது முற்றினால் மருந்து மட்டும் கொடுத்து அழிக்க முடியாது. அதனால்தான் நாள் கடத்தக் கூடாது என்கிறேன். ஆரம்பத்திலேயே பிடித்தால் மூட்டைத் திறந்து கழுவி, இடையிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மொத்தமாகக் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, கிருமி போன பிறகே புது மூட்டு வைத்தார்கள். அந்த இடைப்பட்ட காலம் அவருக்கு மிகவும் கொடுமை.

குளிர் நடுக்கமோ மயக்கமோ வந்தால் எதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பதில் 2:
நான் எலும்பு வார்டில் நர்ஸ். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். ஆபரேஷன் ஆனதும் அது எல்லோருக்கும் ஏறும், பிறகு இறங்க வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
காட்டிவிட்டோம். நீர் எடுத்தார்கள், நாளை கழுவப் போகிறார்கள். மருந்து எவ்வளவு காலம் ஓடும்?

பதில் 2:
முதலில் ஊசி, அப்புறம் மாத்திரை, மாதக்கணக்கில் போகும். பிரான்ஸில் 6 வாரத்தையும் 12 வாரத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. 6 வாரத்தோடு நிறுத்தியவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்குத் தொற்று தீரவில்லை. 12 வாரம் எடுத்தவர்களில் அது 9 சதவீதம். ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். அம்மா வேறு மாத்திரைகள் சாப்பிட்டால் அந்தப் பட்டியலை டாக்டரிடம் கொடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் சில மருந்துகளின் வேலையை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும்.