லேப் குட்டிக்குக் கீழ் இமை உள்ளே சுருண்டிருக்கு, என்ன செய்யலாம்?

நாகலூர்வாசி:
ஏற்காடு பக்கம் இருக்கோம். லேப்ரடார் குட்டிக்கு நாலு மாசம் ஆகப்போகுது. இடது கண்ணுல ஓயாம தண்ணி வடியுது, மூக்கோரம் முடியெல்லாம் செம்பட்டையா கறை பிடிச்சிருக்கு. வெளிச்சம் பட்டாலே கண்ணை இடுக்கிக்குது, முன்னங்காலால தேய்க்குது. கிட்ட வச்சுப் பார்த்தா கீழ் இமை ஓரமே தெரியல. உள்ளே சுருண்டு, முடி கருவிழி மேல படுது. கன்னத்தை லேசா கீழே இழுத்தா வெளியே வருது, விட்டதும் திரும்ப உள்ளே போயிடுது. பக்கத்து எஸ்டேட்ல மனுசங்களுக்குப் போடுற கண் சொட்டு மருந்து கொடுத்தாங்க. போடலாமா?

அஸ்தம்பட்டி டாக்டர் (ஓய்வு):
போடாதீங்கம்மா. முதல்ல அந்த பாட்டில்ல டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன், பீட்டாமெத்தசோன் இதுல ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்தா ஸ்டீராய்டு. கருவிழியில புண் இருக்கும்போது அது பட்டா புண் ஆறாது. ஆழமாகி கண்ணுல ஓட்டையே விழலாம்.

நீங்க சொல்றது என்ட்ரோபியன், அதாவது இமை உள்பக்கமா சுருண்டுக்குற கோளாறு மாதிரிதான் தெரியுது. லேப், ராட்வீலர், சௌ சௌ, ஷார்பே இந்த ஜாதிகள்ல நிறைய வரும். டாக்டர் ஃப்ளோரசின் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல விளக்குல பார்ப்பார். புண் இருந்தா அந்த இடம் பச்சையா மின்னும். அப்புறம் மரத்துப்போற சொட்டு விடுவார். அதுக்கப்புறம் இமை தானா வெளியே வந்துட்டா, வலியில இறுக்கினதுதான் காரணம், வலிக்கு என்ன மூலம்னு தேடணும். அப்படியும் உள்ளேயே இருந்தா அமைப்புலயே கோளாறு.

குட்டிக்கு உடனே தோலை வெட்ட மாட்டாங்க. முகம் இன்னும் வளரும், இப்பவே வெட்டினா நாளைக்கு இமை வெளிப்பக்கம் தொங்கிடும். தற்காலிகமா நாலஞ்சு தையல் போட்டு இமையை வெளியே இழுத்து வைப்பாங்க. சிலதுக்கு அதோடயே சரியாயிடும். மத்ததுக்கு வளர்ந்தபிறகு நிரந்தர ஆபரேஷன். அதுவரைக்கும் தேய்க்காம இருக்க கழுத்துல கூம்பு கட்டாயம் மாட்டி விடுங்க.

கண்ணு விஷயம், நாளைக்கே கீழே சேலத்துக்குக் கொண்டு வாங்க. அங்க கண் ஆபரேஷன் வசதி இல்லைன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை பீகிள்:
எங்க பீகிளுக்கு மூக்கோரக் கண் மூலையில செக்கச்செவேல்னு ஒரு உருண்டை வந்துச்சு. ஒரு கிளினிக்ல வெட்டி எடுத்துடலாம்னாங்க. இன்னொரு டாக்டர், அது மூணாவது இமையில (நாய், பூனைக்கெல்லாம் கண்ணோட உள்மூலையில இருக்குற ஜவ்வு) இருக்குற கண்ணீர் சுரப்பி, வெட்டினா பின்னாடி கண் வறண்டுபோயிடும்னு சொல்லி உள்ளே வச்சுத் தைச்சார். இப்ப நல்லா இருக்கு. யாராவது வெட்டச் சொன்னா ரெண்டாவது டாக்டரைக் கேட்டுக்கோங்க.

நாகலூர்வாசி:
டாக்டர் ஐயா, பாட்டில்ல டெக்ஸாமெத்தசோன்னுதான் போட்டிருக்கு. தூக்கிப் போட்டுட்டேன். காலையில முதல் பஸ்ல கிளம்புறோம். இன்னொண்ணு, வீட்டுப் பூனைக்கு ரெண்டு கண்ணுலயும் வெள்ளையா ஜவ்வு பாதி மூடியிருக்கு. அதுவும் இதேதானா?

அஸ்தம்பட்டி டாக்டர் (ஓய்வு):
இல்லைம்மா, அது மேலே பீகிளுக்குச் சொன்ன அதே மூணாவது இமைதான், ஆனா கதை வேற. ரெண்டு கண்ணுலயும் ஒண்ணா ஏறி வந்தா பெரும்பாலும் கண்ணுல கோளாறு இருக்காது, உடம்புல இருக்கும். வயித்துப்போக்கு, குடல்புழு, தண்ணிச்சத்து குறையுறது. சாப்பிடுதா, வெளிக்கு எப்படிப் போகுதுன்னு கவனிச்சு, அதையும் கூடையில போட்டுக் கொண்டு வாங்க.