காட்ஸ்வோல்ட்ஸ் கிராமத்துச் சர்ச்: கல்லறை முற்றத்தில் எந்த மாதம் என்ன வேலை?

கல்முற்றம் (கேள்வி):
இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில், க்ளாஸ்டர்ஷயரில் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய இடைக்காலச் சர்ச். சுற்றிலும் பழைய கல்லறைக் கற்கள், பெரிய யூ மரம் (ஊசியிலை மரவகை) ஒன்று, வடக்குப் பக்கம் ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூக்கள். இப்போது மார்ச் முதல் அக்டோபர் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை முற்றம் முழுக்கப் புல் வெட்டுகிறார்கள். பாதி இடத்தைப் பூக்கும் புல்வெளியாக விடலாம் என்பது தன்னார்வலர் குழுவின் யோசனை. எப்போது வெட்டுவது? கற்களில் எழுத்தை மறைக்கும் படிவைத் தேய்த்து எடுக்கலாமா? சுவரின் அடிப்பகுதியில் ஈரமும் இருக்கிறது.

புல்வெளி:
முதல் ஆண்டு எதையும் விதைக்க வேண்டாம். வெட்டாமல் விட்டு என்ன முளைக்கிறது என்று பாருங்கள். உரம் காணாத பழைய முற்றம் என்றால் கௌஸ்லிப், ஆக்ஸ்-ஐ டெய்சி போன்ற காட்டுப்பூக்கள் எல்லாம் மண்ணிலேயே காத்திருக்கும். பாசியும் மெல்லிய புல்லும் கலந்த பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தொட்டால் அரிக்கும் நெட்டில் களை செழிக்கும் மூலையில் மண்ணின் சத்து அதிகம், அங்கே பூ வராது.

ஸ்னோடிராப் இலை தானாக மஞ்சளாகும்வரை, அதாவது மே வரை, அந்தப் பக்கம் இயந்திரம் போகக்கூடாது. அடுத்த ஆண்டுக் கிழங்குக்கான உணவை அந்த இலைதான் சேர்க்கிறது. கூட்டம் நெருக்கமாகிவிட்டால் பூ முடிந்ததும், இலை பச்சையாக இருக்கும்போதே தோண்டிப் பிரித்து உடனே நடுங்கள். காய்ந்த கிழங்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

கோடைப் புல்லை ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ வெட்டி, விதை உதிர இரண்டு மூன்று நாள் அங்கேயே காயவிட்டு, பிறகு முழுவதையும் வாரி அகற்றுங்கள். பெரும்பாலான குழுக்கள் தோற்பது இந்த வாரும் வேலையில்தான். வெட்டிய புல் மட்கினால் மண்ணில் சத்து ஏறும். முரட்டுப் புல் மற்றதை அமுக்கிவிடும். அதன் பிறகு அக்டோபர் வரை குட்டையாக வைத்திருங்கள். சிவப்பும் மஞ்சளுமாக வேக்ஸ்கேப் காளான்கள் வருவது அந்தக் குட்டைப் புல்லில்தான்.

புல் அப்போதும் அடர்த்தியாக இருந்தால் இலையுதிர் காலத்தில் யெல்லோ ராட்டில் என்ற செடியை விதையுங்கள். அது புல்லின் வேரில் ஒட்டி உறிஞ்சி அதன் வேகத்தைக் குறைக்கும். பாதி மண் தெரியும்படி கீறிவிட்டு, சதுர மீட்டருக்கு ஒரு கிராம்வரை தூவினால் போதும். குளிர் படாமல் முளைக்காது. பழைய விதை அநேகமாக வீண். ஓராண்டுச் செடி என்பதால் ஜூனில் வெட்டிவிட்டால் அந்த இடத்தில் அதோடு முடிந்தது.

நடைபாதையும் மக்கள் இப்போதும் வந்துபோகும் கல்லறைகளைச் சுற்றிய இடமும் எப்போதும் வெட்டியே இருக்கட்டும். விளிம்பு ஒழுங்காக இருந்தால்தான் நடுவில் உயர்ந்த புல்லைப் பார்த்து யாரும் புகார் செய்யமாட்டார்கள்.

சுண்ணாம்புக்காரை:
படிவைத் தொடாதீர்கள். அது அழுக்கில்லை, லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்). பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. பிரிட்டனின் கல்லறை முற்றங்களில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. கம்பித் தூரிகை, பிளீச், அழுத்த நீர் மூன்றும் கல்லின் மேல்தோலையும் எழுத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். படிக்க வேண்டுமானால் மாலையில் கல்லின் ஓரத்திலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். நிழலில் எழுத்து எழுந்துவரும்.

ஈரத்துக்கு, பலத்த மழையில் குடையோடு சர்ச்சைச் சுற்றி நடப்பதே முதல் ஆய்வு. பீலி (கூரை ஓரத்து நீர்க்கால்) எங்கே வழிகிறது, குழாய்க்குப் பின்னால் எங்கே பச்சை படிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இலை முழுதும் கொட்டி முடிந்த பிறகு டிசம்பர் தொடக்கத்தில் ஒருமுறை, வசந்த முடிவில் ஒருமுறை பீலியைத் துப்புரவு செய்ய வேண்டும். நவம்பர் நடுவில் செய்தால் மறுவாரமே அடைத்துக்கொள்ளும். ஈயத் தகட்டில் இரும்புக் கரண்டி படக்கூடாது; பிளாஸ்டிக் போதும்.

கல் இணைப்பில் சிமென்ட் இருக்கிறதா பாருங்கள். சிமென்ட் வழியே ஈரம் வெளியேறாது. கல் வழியே வெளியேறும்போது உப்பும் உறைபனியும் கல்லை உதிர்த்து, இணைப்பு மட்டும் துருத்தி நிற்கும். சுண்ணாம்புக் காரைதான் சரி. காட்ஸ்வோல்ட்ஸின் மென்மையான கல்லுக்கு வலுக்குறைந்த கலவை வேண்டும். வேலை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் கூடாது. வெயிலிலும் காற்றிலும் வேகமாகக் காய்ந்தால் பொடியாகிவிடும், நனைத்த சணல் சாக்கால் மூடுங்கள்.

வசந்தத்தில் ஒரு எச்சரிக்கை: சுவர் இன்னும் குளிர்ந்திருக்கும்போது வெதுவெதுப்பான ஈரக்காற்றை உள்ளே விட்டால் சுவரெல்லாம் வியர்க்கும். உலர்ந்த, காற்றோட்டமான நாளில்தான் கதவைத் திறந்துவையுங்கள்.

யூநிழல்:
யூ மரம் பற்றி. கல்லறைக் கற்களின் அடியிலும் மரப்பட்டை அருகிலும் ஸ்ட்ரிம்மர் (சுழலும் இழையால் புல் வெட்டும் கருவி) வேண்டவே வேண்டாம், கையால் வெட்டுங்கள். கத்தரிப்பதானால் பறவைகள் கூடுகட்டும் மார்ச்-ஆகஸ்ட் காலத்தைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள். மரம் மரபுப் பாதுகாப்புப் பகுதிக்குள் (conservation area) இருந்தால் உள்ளாட்சி மன்றத்துக்கு ஆறு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும். வெட்டிய கிளை காய்ந்த பிறகும் ஆடு மாடுகளுக்கு நஞ்சு, வேலிக்கு அப்பால் வீசாதீர்கள்.

அனுமதியையும் மறக்காதீர்கள். பீலித் துப்புரவு போன்ற அன்றாடப் பராமரிப்புக்குச் சிக்கலில்லை. காரை வேலைக்கு முன் சர்ச்சின் ஐந்தாண்டு ஆய்வைச் செய்யும் கட்டடக் கலைஞரையும் மறைமாவட்டத்தின் மூத்த குருவான ஆர்ச்டீக்கனையும் கேளுங்கள். கூரையில் வௌவால் இருந்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆலோசனை பெறாமல் எந்த இடுக்கையும் அடைக்காதீர்கள்.

கல்முற்றம்:
நன்றி. வாரிய புல்லை எங்கே கொட்டுவது?

புல்வெளி:
வெயில் படும் ஓரத்தில், கல்லறை இல்லாத இடத்தில் ஒரே குவியலாக. யூ மரத்தின் அடியில் மட்டும் வேண்டாம், வேர் மூச்சுத் திணறும். புல்பாம்பு முட்டையிடுவது இந்தச் சூடான குவியலில்தான், அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதைக் கிளறாதீர்கள்.