இரண்டு டர்போ கார்களின் முடுக்கத்தை மலையில் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி (நுவரெலியா):
நண்பர் ஒருவரின் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, இன்னொருவரின் லான்சர் எவல்யூஷன் (எவோ) இரண்டிலும் இன்டர்கூலரையும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) இயந்திரக் கணினியின் அமைப்பையும் மாற்றியிருக்கிறார்கள். கொழும்பில் எவோ முந்துகிறது. இங்கு எஸ்டிஐ முந்துகிறது. 0 முதல் 100 கி.மீ. வரை கைபேசியில்தான் அளந்தோம். காரணம் என்னவாக இருக்கும், அண்ணன்மாரே?

பதில் (ஹட்டன்):
தம்பி, நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட சுமார் 20 சதவீதம் குறைவு. டர்போ (இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) இல்லாத இயந்திரம் அந்த அளவு வலுவையும் இழந்துவிடும். டர்போ ஓரளவு ஈடுகட்டும். ஆனால் வெளிக்காற்றுக்கு மேல் 1 பார் (ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்) என்று பூஸ்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை, வைத்திருந்தால், கீழே மொத்தம் 2 பார் கிடைக்கும் இடத்தில் மேலே 1.8 பார்தான் கிடைக்கும். மொத்த அழுத்தத்தையே இலக்காகக் கொண்ட அமைப்பு இந்த இழப்பை ஈடுசெய்ய டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றும். அப்போது காற்று அதிகம் சூடாவதால் இன்டர்கூலரின் தரம் வெளிப்பட்டுவிடும். இரண்டு காரிலும் எந்த முறை இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பதில் (பண்டாரவளை):
அதற்கு முன் சாலையின் சரிவைப் பாருங்கள். 5 சதவீத ஏற்றமே 5 வினாடி ஓட்டத்தில் ஏறக்குறைய அரை வினாடியைத் தின்றுவிடும். நம் ஊரில் சமதளச் சாலையைத் தேடுவதே பெரும்பாடு! வினாடிக்கு ஒருமுறை மட்டும் பதியும் கைபேசியை விட்டு, 10 முறை பதியும் ஜிபிஎஸ் கருவியை வாங்கி, இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். பொதுச்சாலையில் மட்டும் வேண்டாம். பனிமூட்டத்தில் எதிரே பேருந்து வருவது தெரியாது.

கேள்வி கேட்டவர்:
நாங்கள் ஓடியது ஏற்றத்தில்தான். மூடிய தளம் கிடைத்ததும் மறுபடி அளக்கிறோம்.